லாடக்காரரின் மூக்கு

முன்னங்காலை மடக்கித் தன் இரு தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார் லாடக்காரர். குதிரை அசையவே இல்லை.

கத்தி முதலில் போனது குளம்பின் அடியில், முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் ஓரப் பள்ளத்துக்கு. அடைந்திருந்த சாணமும் மண்ணும் உதிர்ந்தன. அப்புறம் குனிந்து முகர்ந்து பார்த்தார். அழுகல் இருந்தால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடுமாம்.

பிறகுதான் வெட்டும் அரமும். வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, வலிக்காது. மாதம் கிட்டத்தட்ட 1 செ.மீ. வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் முன்பக்கம் நீண்டு, பாரம் குதிகால் பக்கம் சரிந்து, தசைநார் இழுபடும்.

தீவனத்துக்குக் கணக்குப் பார்க்காதவர்கள்கூட இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பார்த்தால் கோபம்தான் வருகிறது. குதிரை வைத்திருப்பவர்கள் அடுத்த தேதியை இப்போதே குறித்துவையுங்கள், சரியா?