கூடலூர் – மசினகுடி – ஊட்டி: ஒரே நாளில் நாலு காடு

முதலில் ஜீப் கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆத்திரம் தீரவில்லை. முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி எட்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு 600 ரூபாய். "இனிமே பஸ்ஸே கிடையாது சார்" என்றார் ஜீப்காரர். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது!

ஆனால் இந்த ரூட்டுக்கு இன்னொரு தடவை போகச் சொன்னால் இப்போதே பையைத் தூக்குவேன். கூடலூர், மசினகுடி இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், சுமார் 1000 மீட்டர். மாறுவது மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து வந்து கூடலூரில் கொட்டித் தீர்க்கிறது, வருடத்துக்கு 2000 மி.மீ.க்கு மேல். நான் போன பிப்ரவரி கடைசியிலும் அங்கே ஓடைக்கரை மரங்கள் பச்சைப் பசேல்.

தெப்பக்காடு வந்ததும் பச்சை காணோம். தேக்கு மொட்டையாக நிற்கிறது, கீழே சருகு. செத்த காடு என்று பக்கத்து சீட்டில் ஒருவர் உச்சுக்கொட்டினார். சாகவில்லை! மாதக்கணக்கில் மழை இல்லாதபோது அவ்வளவு பெரிய இலைகளை வைத்திருந்தால் இருக்கிற தண்ணீரும் ஆவியாகிவிடும், அதனால் உதிர்த்துவிடுகிறது. சாலையோரம் ஒரு கருமருதைத் தொட்டுப் பார்த்தேன். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த தடிப் பட்டை. கோடைத் தீ லேசில் உள்ளே போகாது.

மசினகுடி தாண்டிக் கிழக்கே மழை மறைவு. நீலகிரி மலையே குறுக்கே நின்று மேகத்தைத் தடுத்துவிடுகிறது, 1000 மி.மீ. கிடைப்பதே பாடு. உசிலை, வெள்வேல், முட்புதர். இலையெல்லாம் பொடிப்பொடியாக.

அங்கிருந்து கல்லட்டி வழியாக மினி பஸ்ஸில் ஊட்டி. டிக்கெட் காசு ஜீப்புக்குக் கொடுத்ததில் ஒரு துளி, 36 கொண்டை ஊசி வளைவும் இலவசம். 2200 மீட்டருக்கு மேல் ஆட்டம் வேறு: இங்கே குளிர்தான் எஜமான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து திறந்த மேட்டில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். புல் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அதனால் மேடெல்லாம் புல்வெளி, ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை, அதாவது அடர்ந்த மலைக்காடு. புல்வெளி நடுவே தைரியமாக நிற்கும் மரம் பெரும்பாலும் காட்டுப் பூவரசுதான். சிவப்புப் பூ, தடித்த இலை. இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பு நிறக் கம்பளி ரோமம்.

இதை விட்டுவிட்டு எல்லோரும் பைன் காட்டில் வரிசை கட்டிப் போட்டோ எடுக்கிறார்கள். அது மனிதர்கள் நட்ட தோட்டம். தைலமரமும் சீகையும் (வாட்டில் மரம்) அப்படித்தான். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், நாலு காட்டின் வித்தியாசமும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். கூடலூரிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், ஸ்வெட்டரைக் கைக்கு எட்டும்படி வையுங்கள், ஜன்னல் சீட்டை விடாதீர்கள். தெப்பக்காட்டில் யார் என்ன சொன்னாலும் பஸ்ஸுக்கே நில்லுங்கள்.