நீரோட்டத்தில் படகை நழுவவிடுதல்: நான்காவது மாதக் குறிப்பு

ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள ஓட்டத்தில், தூண்டில் நரம்பு செங்குத்தாகவே நிற்க, ஈயக்குண்டு ஆற்றின் அடித்தளத்தைத் தொட்டுத் தொட்டு வர, படகை முழுத்தொலைவுக்கும் இறக்கிவிட்டேன். மூன்று மாதங்களாகக் கைக்கு வராமல் இருந்தது இந்த வாரம்தான் வந்தது. அதனால் மனத்தில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களை நீர்ப்பையை (படகில் கட்டி நீருக்குள் இழுபடவிடும் துணிப்பை) நம்பி வீணாக்கினேன். ஏரியில் காற்று தள்ளும் படகை அந்தத் துணிப்பை அருமையாகத் தாமதப்படுத்துகிறது என்பதால், ஆற்றிலும் அது உதவும் என்று எண்ணினேன். ஆற்றில் படகும் பையும் ஒரே நீரோடு சேர்ந்து நகர்கின்றன. பைக்கு எதிர்ப்புக் கிடைக்க வேண்டுமானால் அது நீரைவிட வேறு வேகத்தில் போக வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. காற்றின் தள்ளலை மட்டுமே அது குறைக்கும், நீரோட்டத்தின் தள்ளலைக் குறைக்காது. அடுத்து, அடித்தளத்தில் இழுபடும் சங்கிலியை முயன்றேன். அது வேகத்தை உண்மையாகவே குறைத்தது, ஆனால் மூழ்கிய மரக்கிளை ஒன்றில் சிக்கியதும் படகின் அணியம் (முன்முனை) சட்டென்று தாழ்ந்ததைக் கண்டபின், கயிற்றை அறுக்கக் கத்தியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் சங்கிலியை இறக்குவதில்லை.

இப்போது பலன் தந்திருப்பது அணியத்தில் பொருத்திய மின்மோட்டார். அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, மோட்டாரின் இழுப்பை நீரின் வேகத்தைவிடச் சற்றே குறைவாக வைத்தால், படகு பின்னோக்கி மெதுவாக நழுவும். எவ்வளவு குறைவாக வைப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அடித்தளத்தின் உராய்வால் கீழ்நீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுவதால், படகு கீழ்நீரின் வேகத்துக்கு இறங்க வேண்டும். அந்த வேகத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை, நரம்பின் சாய்வே எனக்கு அளவுகோல். நரம்பு அணியத்தின் பக்கம் சாய்ந்தால் படகு ஈயக்குண்டை முந்தி ஓடுகிறது என்று பொருள், எனவே இழுப்பைக் கூட்டுகிறேன். பின்புறம் சாய்ந்தால் படகு அதிகமாகத் தங்கி, நீர் நரம்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று பொருள், எனவே குறைக்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பத்து நொடியாவது காத்திருக்க வேண்டும். படகு புதிய வேகத்துக்கு வருவதற்குள் மறுபடி திருகிவிடுவதுதான் நான் விடாமல் செய்துவந்த பிழை.

அணியம் நீரோட்டத்துக்கு நேராக இல்லாமல் சிறிது விலகினாலும் படகு பக்கவாட்டில் ஆற்றைக் கடக்கத் தொடங்கும். தொடக்கத்தில் எரிச்சலூட்டிய இந்தக் குணத்தை இப்போது வேண்டுமென்றே பயன்படுத்தி, விரைவோட்டத்துக்கும் பாறைக்குப் பின்னுள்ள எதிரோட்டத்துக்கும் இடையிலான கோட்டின் மேல் படகை நகர்த்திக்கொள்கிறேன். மீன் காத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். நான் அணியத்தில் உட்காருவதால் முன்பாரம் கூடி, படகு திரும்பித் திரும்பி அலைந்தது. ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள மின்கலத்தைப் பின்புறம் மாற்றிய அன்றே அந்த அலைச்சல் பெருமளவு தீர்ந்தது. இன்னொரு நன்மையும் சொல்லத்தக்கது. நீரை முழுதாக எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதை விட்டு, நீரின் பாதி வேகத்தில் நழுவவிட்டால் மோட்டாருக்கு வேண்டிய திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது. நாள் முழுதும் மின்கலம் தாங்குவது அதனால்தான்.

 

அடுத்த வேலை நங்கூரம். ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டு, அணியத்திலிருந்து மட்டுமே கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் தாழ்ந்த விளிம்பின் மேல் நீர் ஏறிப் படகை மூழ்கடித்துவிடும். பெரிய மீன் சிக்கும்போது கயிற்றை மிதவையோடு நொடியில் கழற்றிவிடும் கொக்கி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மிதவையைக் கட்டியாயிற்று, ஆனால் இழுப்பு இருக்கும்போது கொக்கி இன்னும் விடுபட மறுக்கிறது.