'அம்மா' என்று அடிக்க முடியாத குறுக்கெழுத்து

வலைப்பக்கத்தில் ஓட நான் எழுதி மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த குறுக்கெழுத்துப் புதிரில் நேற்று ராத்திரி ஒருவழியாக 'அம்மா' என்று அடிக்க முடிந்தது. சிரிக்காதீர்கள். ஆங்கிலப் புதிர் என்றால் கட்டத்துக்கு ஓர் இன்புட் (அடிக்கும் பெட்டி), மேக்ஸ்லெங்த் 1 (ஒரு குறிக்கு மேல் ஏற்காது), எழுத்து விழுந்ததும் ஃபோகஸை அடுத்த கட்டத்துக்குத் தள்ளு, வேலை முடிந்தது. அதையே தமிழுக்கும் போட்டேன். 'தி' அடித்தால் 'த' விழுந்ததும் கர்சர் தாவிவிட்டது, பின்னால் வந்த கொக்கி பக்கத்துக் கட்டத்தில் புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

சரி, அரை நொடி டைமர் வைப்போம், அதற்குள் உயிர்க்குறி வந்தால் சேர்த்துக்கொள், வராவிட்டால் தாவு என்று எழுதினேன். எனக்கு ஓடியது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கும் என் அம்மாவுக்கு இரண்டு நொடி கொடுத்தும் போதவில்லை.

டைமரை மொத்தமாகக் குழிதோண்டிப் புதைத்தது தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. அதில் அ, ம, ம, ஆ என்று அடித்தால் 'அம்மா' வரும். முதல் 'ம' ஒற்றா இல்லையா என்பது இரண்டாவது 'ம' விழுந்த பிறகுதான் தெரியும், 'ந்த', 'ங்க' எல்லாம் இதே கதை. அதாவது கடந்துபோன கட்டத்தில் இருக்கும் எழுத்து பின்னால் மாறுகிறது. கட்டத்துக்கு ஓர் இன்புட் வைத்திருந்தால் அந்தப் புள்ளி அடுத்த கட்டத்தில் அனாதையாக விழும். இங்கேதான் ஒரு வாரம் போனது, கீபோர்டு நிகழ்வுகளைப் பிடித்துப் பிடித்து நானே புள்ளி வைக்கப் பார்த்த அந்த நிரலை யாருக்கும் காட்டமாட்டேன்.

கடைசியில் செய்தது இதுதான்: சொல் முழுவதற்கும் ஒரே இன்புட், ஒபாசிட்டி பூஜ்யம், அதாவது கண்ணுக்குத் தெரியாது. கட்டங்கள் வெறும் டிவ், காட்டுவதற்கு மட்டும். இன்புட்டில் இருக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) ஒவ்வொரு தடவையும் எழுத்துகளாகப் பிரித்துக் கட்டங்களில் ஊற்றுகிறேன். பேக்ஸ்பேஸ், தமிழ்99 புள்ளி எல்லாம் தானாகவே சரியாகிவிட்டன. இன்புட்டை டிஸ்ப்ளே நன் போட்டு மறைக்காதீர்கள், ஃபோகஸே ஆகாது. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் திரை ஜூம் ஆகும்.

பிரிப்பதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டில் செக்மென்டர், மொழி தமிழ், கிரானுலாரிட்டி கிராஃபீம், அதாவது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணும். 'தமிழ்' என்பதற்கு லெங்த் 5 என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட், இதில் ஒழுங்காக 3 தரும். ஸ்ப்ளிட் பண்ணி ரிவர்ஸ் செய்தால் 'விகடகவி'கூடத் திரும்பி வராது, கொக்கி முன்னால் போய் நிற்கும். செக்மென்டரில் பிரித்துத் திருப்பினால் வரும். குரோமில் 2020 முதலே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் 125ஆம் பதிப்பில்தான் வந்தது, ஆகவே பழசு வைத்திருப்பவர்களுக்கு ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) ஒரு மாற்றுவழியும் வைத்திருக்கிறேன். 'க்ஷ' மட்டும் இரண்டாக உடைகிறது. 'க்' அடுத்து 'ஷ' வந்தால் நானே ஒட்டிவிடுகிறேன். ரிக்‌ஷாவில் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கி இருந்தால் அது 'க்' உடனேயே ஒட்டிக்கொள்வதால் என் நிபந்தனையில் சிக்காமல் தனியாக நிற்கிறது, அதிர்ஷ்டம்தான்.

அப்புறம் ஒரு முட்டாள்தனம். சரத்தை நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அதே இன்புட்டில் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசியில் எழுத்துகள் இரண்டு இரண்டாகக் கொட்டின. கம்போசிஷன் நடக்கும்போது, அதாவது கீபோர்டு எழுத்தை இன்னும் கூட்டிக்கொண்டிருக்கும்போது, இன்புட்டின் மதிப்பைத் தொடவே கூடாது. நார்மலைஸ் செய்வது விடையை ஒப்பிடும் இடத்தில் மட்டும் போதும்.

அது இல்லாமலும் முடியாது. 'கோபுரம்' என்று சரியாக அடித்தாலும் தப்பு என்றது. என் விடைப்பட்டியலில் பாதி பழைய எழுத்துருவிலிருந்து கன்வெர்ட் செய்தது, அதில் 'கோ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கீபோர்டில் வருவது ஒரே குறி. இரு பக்கமும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் நார்மலைஸ் வடிவம்) போட்டதும் தீர்ந்தது. தீராதது 'வௌவால்'. பாதிப் பேர் 'வெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிக்கிறார்கள், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கட்டம் ஒன்று கூடிவிடும், என்எஃப்சிக்கு அது வேறு சொல். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் நாசம். 'ள'வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று வைத்திருக்கிறேன். பட்டியலில் இதுவரை எதுவும் உடையவில்லை. 'வெளஞ்சது' மாதிரி பேச்சுவழக்கு வந்தால் மாட்டிக்கொள்வேன்.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஜாவாஸ்கிரிப்ட் மாறிப்பெயரை நார்மலைஸ் செய்வதில்லை. இரண்டு 'கோடு' இருவேறு மாறிகளாக இருக்கலாம்.

எழுத்துருவுக்கு மீரா இனிமை, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். முக்த மலரும் பார்த்தேன், சின்னக் கட்டத்தில் எனக்கு மீராதான் பிடித்தது. லைன்ஹைட்டைத் (வரி உயரத்தை) தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் 'கூ' காலை இழக்கும். விக்சனரியின் டம்ப்பை (மொத்தத் தரவுக் கோப்பை) இறக்கி நான்கெழுத்துச் சொற்களாகப் பிரித்துப் புதிரைத் தானாக உருவாக்கும் யோசனையும் ஓடுகிறது.

அதற்கு முன்னால், மேலிருந்து கீழ் நிரப்பிய எழுத்து இடமிருந்து வலம் வரும் சொல்லில் குறுக்கிட்டால் ஒரே சரத்தில் நடுவே ஓட்டை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்குப் புதுச் சொல் பழையதை அழித்துவிடுகிறது. அம்மா நேற்று மூன்று தடவை திட்டிவிட்டார்.