உறைபனி பார்க்கப் போய் மழை பார்த்த கதை

அப்பாவுக்கு எழுபது வயதில் ஓர் ஆசை. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா புல்வெளி விடியக்காலையில் வெள்ளையாகக் கிடக்குமே, அந்த உறைபனியைச் செருப்பில்லாமல் ஒருதடவை மிதிக்க வேண்டுமாம். கோபியில் இருந்துகொண்டு ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம், ஆனால் எல்லாமே பள்ளிக்கூட லீவில், சித்திரை வெயிலுக்குத் தப்பித்து. இந்த முறை மேட்டுப்பாளையம் வழி வேண்டாம், திம்பம் ஏறி சாமராஜநகர், பந்திப்பூர், முதுமலை என்று காட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போவோம் என்று ரூட் போட்டது நான்தான். கிளம்பியது 2024 டிசம்பர் 2. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்திருந்தது, அது கடலோரத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

திம்பம் மலைப்பாதையில் 2022லிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காலை 6 மணிக்குத்தான் விடுவார்கள் என்பதால் பண்ணாரியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டோம். அங்கே திருநீறாகத் தருவது புற்றுமண். அப்பா ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. பத்தாவதைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது, கூடவே மஞ்சு இறங்கி முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூட மங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து என் பக்கத்து வைப்பரின் ரப்பர் பிய்ந்து கண்ணாடியில் பாம்புக்குட்டி மாதிரி ஆட ஆரம்பித்தது. இடப்பக்கத்து பிளேடைக் கழற்றி மாட்டலாமென்றால் அது குட்டை. மேலே ஏதோ லாரி வளைவில் மாட்டிக்கொண்டதால் எப்படியும் எல்லோரும் நின்றுதான் இருந்தோம். எதிரே இறங்கி வந்து நின்ற மக்காச்சோள லாரியின் டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, வைப்பர் போச்சுங்களா? சித்த இருங்க."

இடுப்பிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு துண்டு கிள்ளி, மழைத் தண்ணீரிலேயே நனைத்து கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். பழுப்பாக ஒரு சாறு வழிந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், ஆனால் அது கழுவிக்கொண்டு போனதும் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய தாளாகப் பரவி ஓடுகிறது, பாதை தெரிகிறது! மிச்சப் பொட்டலத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, காசு வேண்டாமென்று போய்விட்டார். வண்டிக்குள் அன்று முழுக்கப் புகையிலை வாசம்.

ஆசனூரில் டீ குடிக்கும்போதுதான் டிவியில் பார்த்தோம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. வலுவிழந்த புயல் உள்மாவட்டங்கள் வழியாக மேற்கே, அதாவது எங்கள் கூடவேதான், வந்துகொண்டிருந்தது.

"திரும்பிடலாமாப்பா?"

"இந்நேரம் கீழ போனா அந்த 27 வளைவையும் மறுபடி இறங்கோணும்" என்றார். அதுவும் சரிதான்.

காரப்பள்ளம் செக்போஸ்டை நெருங்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கரும்பு லாரி வரும் என்று தெரிந்துகொண்டு ரோட்டோரமே காத்திருக்கிற யானைகள் அங்கே உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று ஒரு தாயும் குட்டியும். கீழே சிதறிக் கிடந்த கரும்பைத் தாய் தும்பிக்கையால் சுருட்டி எடுத்தது, உடனே வாயில் போடவில்லை, முன்னங்காலில் நாலு தட்டுத் தட்டி சேறு போனபிறகுதான் தின்றது. குட்டி அதையே செய்யப் பார்த்து ஒவ்வொரு தடவையும் கரும்பைக் கீழே விட்டது. இருபது நிமிடம் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நாற்பது வருஷம் கரும்பு வெட்டிய அப்பா, "நம்ம ஆளுங்க இத்தனை சுத்தமா திங்க மாட்டாங்க" என்றார்.

சாமராஜநகரில் வாங்கிய பிளேடு சரியாகப் பொருந்தவில்லை, கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. பந்திப்பூரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நண்பகலில் ஹெட்லைட் போட்டு ஓட்டினேன், நனைந்த புள்ளிமான்கள், உண்ணிச்செடிப் புதர், மழை. அவ்வளவு பெரிய தேசியப் பூங்காவை ஒரு ஈரக் கண்ணாடி வழியாகக் கடந்தோம்.

தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டான கக்கநல்லாவில்தான் என் புத்திசாலித்தனம் வெளிப்பட்டது. நீலகிரிக்குப் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், நான் எடுக்கவேயில்லை. என் போனில் சிக்னல் இல்லை. அப்பாவின் பட்டன் போனில் இரண்டு கோடு இருந்தது! கோபியில் இருக்கிற தம்பியைக் கூப்பிட்டு, அவன் பதிவு செய்து, வண்டி நம்பரைச் சரிபார்த்து எங்களை விடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்கள், அது நியாயம்தான்.

ராத்திரி மசினகுடியில் தங்கல். விடிவதற்குள் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் முதல்நாளே மேலே போயிருக்க வேண்டும், ஆனால் அந்த மழையில் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவை இருட்டில் ஏற எனக்குத் தைரியமில்லை. காலையில் முதல் கியரிலேயே ஏறினேன். தலைக்குந்தா வந்தபோது மழை விட்டிருந்தது. புல்வெளி பச்சையாக, சொதசொதவென்று கிடந்தது. வெள்ளை என்று ஒரு பொட்டுகூட இல்லை.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றார். நான் டீக்கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் பதில் சொல்வதற்குள் அப்பாவே சொன்னார்: "மோடம் போட்டிருந்தா பனி எப்படி உறையும்? வானம் வெளுத்துக் கிடக்கோணும், அப்பத்தான் மண்ணுல இருக்கற சூடு மேல போயி நெலம் குளுரும். மோடம் போர்வையாட்டம் மூடிக்கும்."

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பண்ணாரியிலயே."

"சொல்லவே இல்லையே!"

"சொன்னா வண்டியத் திருப்பியிருப்பே" என்று ஈரக் காலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார்.