கொடை மேடையில் பேஸ் குழறுவது ஏன்?

அம்மன் கோயில் கொடைக்குப் போடும் கச்சேரி மேடை பெரும்பாலும் பலகைதான், அடியில் வெற்றிடம். பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியை (கேபினெட்) அப்படியே அதன்மேல் வைத்தால் பலகையும் சேர்ந்து முழங்கும். எந்தச் சுரம் என்றே பிடிபடாது. மேடைக்குப் பக்கத்தில் மண்தரையில் இறக்கி வையுங்கள். இடமில்லையா, அடியில் கனமான ஃபோம் கொடுங்கள்.

அப்புறமும் குழறினால் 200-250 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பேஸ் குமிழைத் திருகுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. விரல் வைத்து அழுத்தாமல் மீட்டும் ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்ன கேபினெட்டில் காது பிடிப்பது அதன் மேற்சுரங்களான 82, 123-ஐத்தான். 700-800 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றினால் டிரம்ஸுக்கு நடுவிலும் விரல் பட்ட இடம் தெளியும்.

"இன்னொரு பெட்டி போடுவோமா அண்ணாச்சி?" என்பார் மைக்செட்காரர். 8 ஓம் கேபினெட் இரண்டைப் பக்க இணைப்பில் (பேரலல்) போட்டால் மின்தடை 4 ஓம். மூன்றாவது சேர்ந்தால் 2.67. குறைந்தபட்சம் 4 ஓம் என்று பின்பக்கம் எழுதியிருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), மின்தடை அதற்குக் கீழே போனதால் சூடேறிப் பாதிப் பாட்டில் படுத்துவிடும்.

கிட்டார் கேபிளைக் கேபினெட்டுக்குச் செருகவே கூடாது. உள்ளே இருப்பது நூல் மாதிரிக் கம்பி, சூடாகும். எலக்ட்ரிகல் கடையில் 2.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை ஒயர் வாங்கி ஜாக் பற்றவையுங்கள்.