டிரெய்லர் கதவும் ஒரு பூட்டும்

நவம்பர் 3, தூத்துக்குடி
காலையில் குடோன் வாசலில் டிரெய்லர் பின்கதவுப் பூட்டு திறக்கவே இல்லை. சாவி பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது, திருகினால் வளைகிறது. லோடு இறக்க வந்த எட்டுப் பேரும் முக்கால் மணி நேரம் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் ஆக்ஸா பிளேடால் வளையத்தை அறுத்தேன், நாலே நிமிடம்தான். இதை நம்பியா இத்தனை நாள் ராத்திரி ரோட்டோரம் வண்டியைப் போட்டுத் தூங்கினேன் என்று வயிற்றைக் கலக்கிவிட்டது.

நவம்பர் 4
அறுத்த பூட்டைப் பிரித்துப் பார்த்தேன். லீவர் தகடுகளுக்கு நடுவே கறுப்பாய், பிசினாய் ஒரு கசடு. வாராவாரம் நான் ஊற்றிய எஞ்சின் ஆயிலில் ரோட்டுப் புழுதியெல்லாம் ஒட்டி இறுகியிருக்கிறது. வளையத்தில் உப்புக்காத்துத் துரு வேறு.

நவம்பர் 6, திண்டுக்கல்
பெங்களூர் லோடு, வழியில்தானே என்று இறங்கிவிட்டேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இந்த ஊருடையது. மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்ததும் கடைக்காரப் பெரியவர், "கொண்டி ஓட்டை எத்தனை எம்.எம். தம்பி?" என்றார். வண்டிக்கு ஓடிப்போய் அளந்தேன், 13. பழைய பூட்டின் வளையம் 8 தான். இப்போது 12 எம்.எம்., கடினப்படுத்திய எஃகு, பித்தளை உடல். வளையம் குட்டையாக இருக்கணும், இடைவெளி இருந்தால் கடப்பாரை நுழையும் என்றார். அப்புறம் எண்ணெயே விடாதே, மண்ணெண்ணெயில் அலசி நன்றாகக் காயவைத்துக் கிராஃபைட் தூள் போடு என்றார்.

நவம்பர் 7, ஓசூர்
புதுப் பூட்டை மாட்டும்போதுதான் கவனித்தேன், கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி ஒன்று விரல் வைத்தாலே ஆடுகிறது. அதைத் துளைத்து எடுத்தால் பூட்டும், கதவைத் திறக்கவில்லை என்று காட்டப் போடும் சீலும் அப்படியே இருக்க கைப்பிடியோடு கழன்று வந்துவிடும், திரும்ப மாட்டிவைத்தால் யாருக்கும் தெரியாது. பட்டறையில் ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டு, நட்டைச் சேர்த்துப் பற்றவைத்தேன். பூட்டுக்குக் கொடுத்த காசை விட இதற்குக் கொடுத்த காசுதான் எனக்கு நிம்மதி தந்தது.

நவம்பர் 9
பழைய டியூபிலிருந்து உள்ளங்கை அளவு ரப்பர் வெட்டிப் பூட்டுக்கு மேலே மூடி மாதிரி கட்டினேன். சாவித் துவாரம் கீழே பார்த்துத் தொங்குகிறது. மாற்றுச்சாவி கேபினில் வேண்டாம் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

நவம்பர் 16, தூத்துக்குடி
ராத்திரி முழுக்க அடைமழை. விடிந்ததும் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன், துவாரம் காய்ந்தே இருந்தது. சாவி ஒரே திருப்பில் திரும்பியது.