கைக்கோடரியா, வெறும் கல்லா?

கூராக இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லைக் கைக்கோடரி போன்ற பழங்காலக் கற்கருவி என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆற்றில் உருண்டு மோதும் கல்லும் கூராகத்தான் உடையும். பார்க்க வேண்டியது அடி விழுந்த தடத்தை.

சுத்தியல் கல்லால் கூழாங்கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்தால் ஒரு சில்லு பெயரும். சில்லின் உட்புறத்தில், அடி விழுந்த புள்ளிக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு. அங்கிருந்து வளைய வளையமாக அலைகள். சில்லு பெயர்ந்த தாய்க்கல்லில் அதே இடம் குழிந்திருக்கும். சென்னைக்கு அருகே கொசத்தலை ஆற்றுப் பகுதியில் கிடைத்த கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையில் ஆனவை. அதில் அலைகள் மங்கலாகவே தெரியும். சாய்வான வெயிலில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அடிக்கும் விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் விளிம்பு நசுங்குமே தவிர, சில்லு பெயராது. அடியில் பலம் போதாவிட்டால் சில்லு பாதியிலேயே முறிந்து, படிபோல ஒரு மேட்டை விட்டுவிடும். அடுத்தடுத்த அடிகளும் அங்கேயே முட்டி நிற்கும். அப்படிப் பாதியில் கைவிட்ட கல்லைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். செய்தவர் என்ன நினைத்தார், எங்கே தடைபட்டது என்பது அதில் அப்படியே இருக்கிறது.

இருபுறமும் மாறி மாறிச் செதுக்கி, ஒரே வடிவை நோக்கிப் போகும் தடங்கள் இருந்தால் அது கைக்கோடரி. திசைக்கொன்றாகச் சிதறிய தடங்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் சென்னையை ஒட்டிய பல்லாவரத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் கொசத்தலை ஆற்றுப் பகுதியிலுள்ள அதிராம்பாக்கத்திலும் கண்டெடுத்தவை இத்தகைய கருவிகளே. பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அதிராம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள பழைய கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயதென்று 2011இல் வெளியிட்டார்கள். தாய்க்கல்லை முன்கூட்டியே வடிவமைத்து, வேண்டிய சில்லை ஒரே அடியில் பெயர்க்கும் லெவல்லுவா முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பது 2018இல் வந்த முடிவு. செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. கல் மட்டுமே சாட்சி.

இந்த வயதெல்லாம் கருவி எந்த மண்ணடுக்கில், எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்பதிலிருந்து வருகிறது. எடுத்து வந்து அலமாரியில் வைத்த கல்லுக்கு அடுக்கு கிடையாது. ஆகவே கண்ணில் பட்டால் தொடாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.